எண்ணிச் சுழலும் கட்டளை

1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் என்பார் இணையப் பக்கங்களுக்கென ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில், ஒரே செயலைப் பன்முறை செய்விக்க ‘ஃபார்’ என்னும் கட்டளை உண்டு. எண்ணியின் தொடக்கம், தொடர்வதற்குரிய நிபந்தனை, எண்ணியைக் கூட்டும் விதி என அதற்கு உறுப்புகள் மூன்று. தொடக்கம் ஒருமுறையே நிகழும். நிபந்தனையோ ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர்ச் சோதிக்கப்படும்.

புதிதாய்ப் பயில்வோர் இடறுமிடம் இந்நிபந்தனையே. பத்து மாணாக்கரின் மதிப்பெண்களை ஒரு வரிசையில் இட்டுக் கூட்டுவோமாயின், அவ்வரிசையின் இடங்கள் பூஜ்யத்தில் தொடங்கி ஒன்பதில் முடியும். ஆதலின் எண்ணி ‘பத்தினும் குறைவு’ என்பதே தக்க நிபந்தனை. அதனோடு ஒரு சமக்குறியைச் சேர்த்துவிடின் பதினோராம் சுற்றும் நிகழும். அவ்விடத்தில் மதிப்பெண் ஏதுமில்லை. இல்லாததைக் கூட்டியவுடன், அதுவரை சரியாயிருந்த கூட்டுத்தொகை முழுதும் அழிந்து, ‘எண் அன்று’ என்பதே விடையாய் நிற்கும். பிழையென்று கூறி இடையில் நின்றுவிடின் எவ்வளவோ நன்று. அம்மொழி அங்ஙனம் நிற்பதில்லை.