வலி தெரியாத கால்



பல்லடம் பக்கத்துத் தாயார் ஒருவர் காலில் சீழ் வைத்த புண்ணோடு வந்தார்கள். உள்ளே வேலாமுள். "ஏறுனதே தெரியலீங்க" என்றார்கள்.

தொழுநோயின் வேலையே இதுதான். 1873-ல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் கண்ட இந்தக் கிருமி, உடலில் சூடு குறைந்த இடங்களையே நாடும். மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் இருக்கின்றன. நரம்புக்கென்றே அமைந்த அந்த செல்களுக்குள் கிருமி குடியேறுகிறது. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய 2 வாரம் ஆகும். எனவே நோய் வெளிப்பட 5 ஆண்டும் ஆகலாம், 20-ம் ஆகலாம். நரம்பு கெட்டால் உணர்வு போகும். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் புண்பட்டுப் புண்பட்டே குறுகிப் போகின்றன. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இதை எடுத்துக்காட்டியதோடு, மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தவும் செய்தார்.

(வேதாகமத்தில் குஷ்டம் என்பது பல தோல் வியாதிகளுக்கும் பொதுவான சொல். சாபம் என்போரிடம் இதைச் சொல்லுங்கள்.)

கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதம். 1995 முதல் உலகெங்கும் இலவசம். கிருமி சாகும், ஆனால் நெடுநாள் கெட்ட நரம்பில் உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்தத் தாயார் மருந்தை முடித்துவிட்டார்கள். இன்றும் மாலைதோறும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புகளுக்குச் செலவாவது இதனால்தான்.

உங்கள் சபையில் யாருக்காவது தொட்டால் உணர்வில்லாத வெளிறிய தேமல் இருந்தால், தாமதிக்காமல் எங்களிடம் அனுப்பி வையுங்கள்.