துளி எந்தப் பக்கம் போகும்?

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் நம் நாளிதழ்களில் மூன்று அணைகளின் பெயர்கள் வந்துவிடும்: கிருஷ்ணாபுரம், பிச்சாட்டூர், கலவகுண்டா. மூன்றும் ஆந்திரத்தில், பழைய சித்தூர் மாவட்ட எல்லைக்குள் இருப்பவை. கிருஷ்ணாபுரத்தைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும்; பள்ளிப்பட்டுக்காரர்கள் தரைப்பாலத்தைப் பார்க்கப் போவார்கள். பிச்சாட்டூரைத் திறந்தால் ஆரணியாறு பெருகும். ஊத்துக்கோட்டைக்கு எச்சரிக்கை வரும். கலவகுண்டாவின் தண்ணீர் பொன்னையாறாக இறங்கிப் பாலாற்றில் கலக்கும்.

அதே பழைய மாவட்டத்தில் சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பெய்வது தமிழ்நாட்டுக்கு வருவதே இல்லை. சுவர்ணமுகியில் சேர்ந்து, திருப்பதியையும் காளத்தியையும் கடந்து, வடகிழக்கே போய்க் கடலைத் தொடுகிறது. மேற்கே மதனப்பள்ளிப் பக்கத்து மழை பாகுதா, செய்யேறு வழியாக வடபெண்ணைக்குப் போகிறது. ஒரு மலை முகட்டில் ஒரு முழ இடைவெளியில் விழுந்த இரண்டு துளிகளில் ஒன்று ஆரணியாற்றோடு பழவேற்காட்டுக்கும் மற்றது சுவர்ணமுகிக்கும் போகலாம்.

இரண்டையும் பிரிக்கும் கோட்டைத் தரையில் யாரும் போட்டு வைக்கவில்லை. ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை அதைக் கண்டுபிடித்துத் தருகிறது. அதற்கு ஆற்றின் பெயர் வேண்டாம், வரைபடம் வேண்டாம். வெறும் உயரங்களின் அட்டவணை போதும். கணினியில் நடக்கும் எத்தனையோ கணக்குகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

உயரங்கள் எங்கிருந்து கிடைத்தன? 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்டோசாட்-1 ஏவப்பட்டது. 618 கி.மீ. உயரத்தில் பறந்த அந்தச் செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள். ஒன்று 26 பாகை முன்னோக்கிச் சாய்ந்தும் மற்றது 5 பாகை பின்னோக்கிச் சாய்ந்தும் ஒரே நிலத்தைப் படம் எடுத்தன. இரு படங்களிலும் ஒரு பாறை எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்பதிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிடலாம். இப்படி நாடு முழுவதற்கும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உயரம் கணக்கிட்டு, ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் தன் புவன் தளத்தில் வைத்திருக்கிறது. அந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில்தான் இப்போது இருக்கிறது. அந்த மாவட்டத்து மலைகளை அளந்த கண்ணை அனுப்பிய தீவும் அதே மாவட்டத்துக்குள் வந்துவிட்டது.

இனி கணக்கு. நிலம் 30 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம். ஒரு சதுரத்தைச் சுற்றி எட்டுச் சதுரங்கள். தண்ணீர் இவற்றில் எதற்குள் இறங்கும்? எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அங்கே. கிழக்குச் சதுரம் 12 மீட்டர் தாழ்ந்திருக்கிறது, தென்கிழக்கு மூலைச் சதுரம் 15 மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று வைப்போம். தென்கிழக்குதான் என்று தோன்றும். ஆனால் மூலைக்குப் போகும் தூரம் அதிகம், ஏறத்தாழ 42.4 மீட்டர். 12-ஐ 30-ஆல் வகுத்தால் 0.40, 15-ஐ 42.4-ஆல் வகுத்தால் 0.35. தண்ணீர் கிழக்கே போகும். 1984-இல் ஓகல்லகன், மார்க் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் அம்புக்குறி கிடைத்துவிடுகிறது.

அம்புக்குறிகள் கிடைத்தபின் அடுத்த கேள்வி: என் சதுரத்துக்குள் மேலேயிருந்து எத்தனை சதுரங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது? முகட்டில் விடை பூஜ்யம். கொஞ்சம் கீழே பத்து, பிறகு நூறு. திடீரென்று ஓரிடத்தில் பல்லாயிரம். அப்படிப் பெரிய எண்கள் வரிசையாக வரும் சதுரங்களுக்கு மட்டும் நீல நிறம் கொடுத்துப் பாருங்கள்: திரையில் சுவர்ணமுகி எழுந்து வரும், கிளை ஓடைகளோடு. அங்கே ஆறு இருக்கிறது என்று யாருமே கணினிக்குச் சொல்லவில்லை.

அந்த எண்களுக்கு எடையும் உண்டு. ஒரு சதுரத்தின் பரப்பு 900 சதுர மீட்டர். அதில் 100 மி.மீ. மழை பெய்தால் 90,000 லிட்டர். பத்தாயிரம் சதுரங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால், மண் எதையும் குடிக்காத பட்சத்தில், 90 கோடி லிட்டர். அதுவும் வெறும் ஒன்பது சதுர கிலோமீட்டர் நிலத்தின் தண்ணீர்தான்.

மழை எங்கும் ஒரே அளவில் பெய்வதில்லை என்பது உண்மை. ஆல்ஃபிரட் தீசன் என்ற அமெரிக்க வானிலையாளர் இதற்கு 1911-இல் ஒரு வழி சொன்னார்: ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கு மிக அருகிலுள்ள மழைமானியின் அளவைக் கொடு. சமவெளியில் தீசன் வழி ஒத்துவரும். மலை மேலே திருமலையும் அடிவாரத்தில் திருப்பதியும் இருக்கும் இடத்தில் அருகாமையை மட்டும் நம்பக்கூடாது. உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அம்புக்குறிகளைப் பின்னோக்கிப் பிடித்தும் ஏறலாம். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, இதற்குத் தண்ணீர் அனுப்பும் சதுரங்கள் எவை என்று கேட்டால், நிறம் திருத்தணியைத் தாண்டி, மாநில எல்லையைத் தாண்டி, நகரிக்கு அப்பாலும் பரவும். அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. சென்னையின் குடிநீருக்கு ஆந்திரத்து மேட்டில் வேர் இருக்கிறது.

மாநில எல்லையும் இப்படி அண்டை அயலைக் கேட்டுப் போட்டதுதான். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. ம.பொ.சி. திருப்பதியையும் திருத்தணியையும் கேட்டுப் போராடினார். பின்னர் எச். வி. படாஸ்கர் இடையீட்டாளராக வந்து வகுத்த முறை: கிராமமே அலகு, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார், அப்படிப்பட்ட கிராமங்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வந்தது, திருப்பதி வரவில்லை. இன்று இதை ஜி.ஐ.எஸ்.ஸில் செய்தால் ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் மேல்பொருத்தல், எவை ஒன்றையொன்று தொடுகின்றன என்று பார்க்கும் அண்மைச் சோதனை என்ற இரண்டே கட்டளைகள். அன்று மக்கள்தொகைக் கணக்கேட்டைப் புரட்டிக் கையால் செய்தார்கள். அவர்கள் முன் இருந்த கேள்வி மொழி பற்றியது; விடையும் மொழியின் எல்லையாக அமைந்தது. அதே கிராமங்களிடம் உங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டிருந்தால் கோடு வேறெங்கோ விழுந்திருக்கும். ஒரே நிலம், இரண்டு கேள்விகள், இரண்டு எல்லைகள். நிலத்தைப் பகுத்தாராயும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதைத்தான்.

கணினியின் கணக்கில் இந்தச் சீமைக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. சுற்றிலும் மேடாக, நடுவில் பள்ளமாக ஒரு சதுரம் வந்தால் அம்புக்குறி வைக்க வழியில்லை. அதனால் நிரல்கள் அத்தகைய பள்ளங்களைப் பெரும்பாலும் அளவீட்டுப் பிழையாக எண்ணி, வழியும் மட்டம் வரை நிரப்பிவிட்டுத்தான் தொடங்கும். ஐரோப்பிய மலைச்சரிவில் அது சரியாக இருக்கலாம். சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் ஏரிகளால் ஆன பூமி. இங்கே பள்ளம் பிழையல்ல, முன்னோர் கட்டியது. சில மீட்டர் அகலமுள்ள ஏரிக்கரை 30 மீட்டர் சதுரத்துக்குள் கரைந்து காணாமலும் போகும். அப்போது கணினி தண்ணீரைக் கரையைத் துளைத்துக்கொண்டு அனுப்பும், அல்லது கலங்கல் இல்லாத இடத்தில் வழியவிடும்.

2021 நவம்பர் மழையில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவு நிரம்பிக் கரையில் கசிவு கண்டது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் பெரிய ஏரி அது. கீழ்ப்பக்கத்து ஊர்களை வெளியேற்றினார்கள். எந்தெந்த ஊர், எத்தனை மணி நேரத்தில் என்று அந்த நேரத்தில் கேட்டால், நிரப்பிச் சமன் செய்த உயர அட்டவணை சரியான விடை தராது.

ஆகவே வேலை தெரிந்தவர்கள் நில அளவைத் தாள்களில் உள்ள வரத்துக் கால்வாய்களை உயர அட்டவணைக்குள் செதுக்கி இறக்குகிறார்கள். ஏரிகளைப் பள்ளமாகவே விட்டுவைக்கிறார்கள். கரையின் உச்சி, கலங்கலின் மட்டம், மதகு இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்தால் மேல் ஏரி வழிந்து கீழ் ஏரி எப்போது நிரம்பும் என்றுகூடக் கணக்கிடலாம். இந்த இரு மாவட்டங்களில் ஏரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கலங்கலின் மட்டத்தை 618 கி.மீ. உயரத்திலிருந்து எடுக்க முடியாது. ஏரி ஏரியாக நடந்து, கரையில் அளவுகோலை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும்.