முழங்கை முறிந்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள்!

"மாவுக்கட்டு பிரிச்சுப் பத்து நாளாச்சு, கை இன்னும் நீட்ட வரலையே! எண்ணெயைக் காய்ச்சி நல்லா உருவி விட்டா என்ன?"

வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வது குழந்தை மேலுள்ள அக்கறையால்தான். ஆனால் முழங்கை விஷயத்தில் இந்த அக்கறையே கெடுதலாக முடியலாம்.

ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள் ஊஞ்சலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ விழும்போது கையை ஊன்றிக்கொண்டு விழுவார்கள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெல்லியதாக இருப்பதால் அங்கேதான் முறியும். கைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாயும் நரம்புகளும் அதை ஒட்டியே செல்கின்றன. எனவே கையை இழுத்து நேராக்க வேண்டாம். இருக்கிற நிலையிலேயே அட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மயக்க மருந்து தர நேரலாம்; ஆகவே சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

ஆபரேஷன் என்றால் பயமா?

எலும்பு விலகாவிட்டால் மாவுக்கட்டே போதும். விலகியிருந்தால், மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே எலும்பைப் பொருத்தி, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. மூன்று, நான்கு வாரத்தில் கம்பியை உருவி விடுவார்கள்.

கட்டு இருக்கும்போது விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டினால் குழந்தை துடித்தாலோ, "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மன் டாக்டர் ஃபோல்க்மான் 1881-லேயே இதை விவரித்திருக்கிறார்.

கை எப்போது நீளும்?

கட்டுப் பிரித்ததும் மூட்டு விறைப்பாக இருப்பது இயல்பு. உருவினாலும், வாளியைத் தூக்கச் சொல்லி இழுத்தாலும், புண்பட்ட தசையில் மறுபடி ரத்தம் கசியும். தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளவும் கூடும்!

குழந்தை தானாக அசைக்கட்டும். பந்தை உருட்டட்டும், தண்ணீரில் விளையாடட்டும், தலையைத் தானே வாரட்டும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கை நன்றாக நீளும். முன்னேற்றமே தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு விறைப்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தகடு வைத்து எலும்பை உறுதியாக்கி, டாக்டர் சொன்னபடி சில நாட்களிலேயே பயிற்சி தொடங்குகிறார்கள். அங்கும் வலிக்க வலிக்க இழுப்பது கூடாது.

எண்ணெய்க் கிண்ணம் குழந்தையின் தலைக்கு இருக்கட்டும். முழங்கைக்குப் பொறுமைதான் மருந்து!