வைத்தியரின் அறிக்கை யார் கைக்குப் போகிறது?

மரக்காலை, அரிசி ஆலை, பேக்கரி, வெல்டிங் கடை என்று எமது வர்த்தகர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத் தொழில் செய்பவர்கள். கடைக்குத் தீக் காப்புறுதி இருக்கும், லொறிக்கும் இருக்கும். வேலையாட்களின் காது, கண், நுரையீரல் என்று பேச்செடுத்தால் மட்டும் "அதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

அண்மையில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, கொழும்புத்துறையில் கடலோரமாக உள்ள ஒரு பைபர் படகு திருத்தும் பட்டறையில் சற்று நேரம் நின்றேன். இரண்டு பையன்கள் முகமூடி இல்லாமல் படகின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பசையின் நெடி தலையைப் பிடித்தது. வேலையாட்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்விப்பதுண்டா என்று முதலாளியிடம் கேட்டேன். "செய்தா ஏதாவது ஒரு பிழை வரும் அண்ணை. வந்தா ஆளை நிப்பாட்டச் சொல்லுவினம். பிறகு வேலைக்கு ஆர் வாறது?" என்றார். பையன்களின் பயமும் அதேதான். பிழை வந்தால் வேலை போய்விடும்.

இந்தப் பயத்தை யாரும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் நோய் அதற்காகக் காத்திருப்பதில்லை. பைபர் பசையிலுள்ள ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். கண்ணாடி இழைத் தூசி தோலையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். இயந்திர இரைச்சல் இன்னும் மோசம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வேலை செய்பவருக்குக் காது மெல்ல மெல்லப் பழுதாகும். முதலில் கீச்சுக்குரல் போன்ற உயர்ந்த ஒலிகளே கேளாமற் போவதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. தெரியவரும்போது இழந்ததை மீட்க வழியில்லை. ஆண்டுக்கொருமுறை செய்யும் எளிய செவிப்புலன் பரிசோதனை இதை முன்கூட்டியே காட்டிவிடும்.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? பன்னிரண்டு பேருக்காகக் கருவியையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வர எந்த மருத்துவ நிலையத்துக்கும் கட்டுப்படியாகாது. இங்கேதான் காப்புறுதித் தரகர் வருகிறார். ஒரு பேச்சுக்கு, யாழ்ப்பாணத்தில் முப்பது சிறு தொழிலிடங்களின் காப்புறுதியைக் கவனிக்கும் தரகரின் கையில் முந்நூறு நானூறு தொழிலாளர் இருப்பார்கள். அவர் மருத்துவ நிலையமொன்றோடு பேசி ஒரு வாரத்துக்கு ஒழுங்கு செய்தால் தலைக்கு விழும் செலவு பெரிதும் இறங்கும். மேல்நாடுகளில் தொழில்சார் சுகாதார நிறுவனங்கள் இந்த வழியிலும் வியாபாரம் பிடிப்பதுண்டு. தரகர் வாடிக்கையாளரைக் காட்டுவார். கோரிக்கைகளைக் கையாளும் நிர்வாகி கட்டணத்தையும் கடதாசி வேலையையும் பார்ப்பார். இந்தியாவில் இந்த மூன்றாந்தரப்பு நிர்வாகிகளுக்கு 2001 ஆம் ஆண்டிலேயே தனி ஒழுங்குவிதி வந்துவிட்டது. எமது நாட்டில் அந்த வேலையைப் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனிகளே செய்கின்றன.

தரகரும் முகவரும் ஒருவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். முகவர் கம்பனியின் ஆள். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற தரகரோ காப்புறுதி எடுப்பவருக்காகப் பேசவேண்டியவர். ஆனாலும் அவருக்குத் தரகுப் பணம் கொடுப்பது கம்பனிதான். அதற்கு மேலாக மருத்துவ நிலையமும் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கினால் தரகர் யாருடைய ஆள் என்பதே குழம்பிவிடும். அப்படிக் கொடுப்பதை நான் வியாபார உறவு என்று ஏற்கமாட்டேன்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்பு கம்கா என்றும் இப்போது வாஃபித் என்றும் அறியப்படும் முறையில், அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில்தான் பரிசோதனை செய்யவேண்டும். 'தகுதியில்லை' என்று பதிவானால் விசா இல்லை. அந்தப் பரிசோதனை கேட்பது ஒரே கேள்வி: இந்த ஆளை எடுக்கலாமா, விடலாமா? ஆளைச் சுகமாக வைத்திருப்பது அதன் வேலையல்ல. உள்ளூரிலும் அதே அச்சை எடுத்தால், கொழும்புத்துறை முதலாளி பயந்தது சரியாகிவிடும்.

வேறொரு அச்சு இருக்கிறது. சர்வதேச தொழில் தாபனத்தின் 1985 ஆம் ஆண்டின் 161 ஆம் இலக்க சமவாயத்தின்படி, தொழில்சார் சுகாதாரப் பணியாளர்கள் முதலாளியிடமிருந்தும் தொழிலாளியிடமிருந்தும் தொழில்ரீதியில் சுதந்திரமாக இருக்கவேண்டும். பரிசோதனைக்குத் தொழிலாளி காசு கொடுக்கக்கூடாது, சம்பளத்தையும் இழக்கக்கூடாது, இயன்றவரை வேலை நேரத்திலேயே அது நடக்கவேண்டும். இதைத் தரகரோடும் மருத்துவ நிலையத்தோடும் செய்யும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையேதும் இல்லை. முழு அறிக்கை தொழிலாளியின் கைக்கு. முதலாளிக்கு "இந்த வேலைக்குத் தகும்" அல்லது "காதடைப்பானுடன் தகும்" என்ற ஒரு வரி போதும். தரகருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டும். உடல்நலத் தகவலுக்கு விசேட பாதுகாப்பு வேண்டுமென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பழுது தெரிந்தவரை நிறுத்தாமல் வேறு வேலைக்கு மாற்றுவது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பையன்கள் பரிசோதனைக்கு வருவார்கள்.

முதலாளிக்கு இதில் என்ன இலாபம் என்று கேட்பீர்கள். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, அதன் அட்டவணையிலுள்ள தொழில்சார் நோய்களுக்கும் முதலாளியையே பொறுப்பாக்குகிறது. ஐந்தரை இலட்சமாக இருந்த உச்ச நட்டஈடு 2022 திருத்தத்தால் 20 இலட்சம் ரூபாவாகியிருக்கிறது. வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும் இப்போது உள்ளே வருகிறது. தகாஃபுல் எடுத்திருப்பவருக்கும் பொறுப்பு இதே பொறுப்புத்தான்.

இந்த ஆண்டு காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது தரகரைக் கூப்பிட்டு, யாழ்ப்பாணத்துக்குச் செவிப்புலன் கருவி கொண்டுவர எத்தனை பேர் சேரவேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். ஆள் போதாவிட்டால் பக்கத்து மரக்காலையையும் படகுப் பட்டறையையும் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவ நிலையத்திடமிருந்து தனக்கு ஏதும் கிடைக்கிறதா என்பதையும் அவர் எழுத்தில் தரட்டும்.