பில் பாஸாகும் முன் ஊர் கையெழுத்து

வாசல் வரை அரசு – 11

நைரோபியிலிருந்து மொம்பாசா துறைமுகத்துக்குப் போகும் நெடுஞ்சாலை பாதி தூரம் கடப்பதற்குள் ஒரு வறண்ட பூமிக்குள் நுழைந்துவிடுகிறது. செம்மண், முள்மரங்கள், இடையிடையே மாந்தோப்புகள். கென்யாவின் 47 கவுண்டிகளில் ஒன்றான மகுவேனி இது. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 9,87,653 பேர். பெரும்பாலோர் காம்பா இன மக்கள். மாவும் ஆரஞ்சும் பச்சைப்பயறும் விளைவிக்கிறார்கள். மழை தவறினால் எதுவும் இல்லை. இதே சாலையில் மகிண்டு என்ற ஊரில், ரயில் பாதை வேலைக்கு வந்த சீக்கியர்கள் 1926-ல் எழுப்பிய குருத்வாரா இருக்கிறது. வழிப்போக்கர் யாராக இருந்தாலும் இன்றும் அங்கே சாப்பாடு உண்டு, படுக்க இடமும் உண்டு.

நான் மகுவேனியை இந்தத் தொடருக்குள் கொண்டு வருவதற்குக் காரணம் வேறு. அங்கே ஒரு கிராமத்தில் கவுண்டி அரசு ஒரு தடுப்பணை கட்டினால், ஒப்பந்ததாரருக்குப் பணம் போவதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த குழு வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொறியாளர் கையெழுத்து மட்டும் போதாது. ஊர் சரி என்று சொல்லாமல் பில் நகராது.

சென்ற வாரம் பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒரு கோடிப் பேருக்கு ஐந்தே மேற்பார்வையாளர்கள். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கி முன் நின்று பேசலாம். பேசிய பிறகு அந்தப் பேச்சு எங்கே போகிறது என்ற கேள்வியோடுதான் அந்த அத்தியாயத்தை முடித்தோம். மகுவேனிக்காரர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நடைமுறையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1963-ல் விடுதலை பெற்ற கென்யா, ஆங்கிலேயன் விட்டுப் போன நிர்வாகத்தை அப்படியே வைத்துக்கொண்டது. மாகாண ஆணையர், மாவட்ட ஆணையர், அவருக்குக் கீழே அரசு நியமித்த ஊர்த் தலைவர். அந்தத் தலைவர் கூப்பிட்டால் மக்கள் மரத்தடியில் கூட வேண்டும். பராசா என்று பெயர். அதிகாரி பேசுவார், மக்கள் கேட்பார்கள், கலைவார்கள். எந்தச் சாலைக்குப் பணம், எந்த மருத்துவமனைக்கு மருந்து என்பதெல்லாம் நைரோபியில் முடிவாகும். அதிபர் நாற்காலி எந்த இனத்துக்குக் கிடைக்கிறதோ அந்தப் பகுதிக்குத் தார்ச்சாலை என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊறிப்போனது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வெடித்த கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். பல லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதிகாரமும் பணமும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்வரை ஒவ்வொரு தேர்தலும் உயிர்ப் போராட்டம்தான் என்பது அந்த நாட்டுக்கு அப்படித்தான் புரிந்தது. அந்தப் புரிதலில் பிறந்தது 2010 அரசியலமைப்பு.

அதன்படி 2013 மார்ச்சில் 47 கவுண்டிகளுக்கும் ஆளுநரும் கவுண்டி மன்றமும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நம் ஊர் ஆளுநர் போல நியமனப் பதவி அல்ல இது. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். மருத்துவமனைகள், விவசாயம், உள்ளூர்ச் சாலைகள், பாலர் பள்ளிகள், குடிநீர் எல்லாம் கவுண்டி கைக்கு வந்தன. தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுண்டிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. முதல் முழு நிதியாண்டான 2013-14-ல் 47 கவுண்டிகளும் பகிர்ந்துகொண்ட தொகை 19,000 கோடி ஷில்லிங். 2024-25-ல் அது 38,700 கோடியைத் தாண்டியது.

பணத்தோடு கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அரசியலமைப்பின் 196-வது பிரிவு, கவுண்டி மன்றம் திறந்த கதவோடு நடக்க வேண்டும், மக்கள் பங்கேற்புக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. 2012-ல் வந்த கவுண்டி அரசுகள் சட்டம், மக்களுக்குத் தகவல் சொல்வதையும் குடிமைக் கல்வி தருவதையும் கவுண்டியின் கடமை ஆக்கியது. அதே ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டம் தேதிகளையே குறித்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் செப்டம்பர் 1-க்குள் மன்றத்துக்கு வர வேண்டும். நிதி வியூக அறிக்கை பிப்ரவரி 28-க்குள். வரவு செலவு மதிப்பீடு ஏப்ரல் 30-க்குள். ஜூலை 1-ல் நிதியாண்டு தொடங்குகிறது.

இந்தத் தேதிகளை நான் சலிக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எந்த ஊரிலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கெடுக்க எளிய வழி, அதை மே மாதம் வைப்பதுதான். மதிப்பீடு அச்சாகி வந்த பிறகு ஒரு கிழவி எழுந்து கிணறு கேட்டால், குறித்துக்கொண்டோம் அம்மா என்று சொல்லி உட்கார வைக்க மட்டுமே முடியும். ஆகஸ்டில் கேட்டால் அந்தக் கிணறு திட்டத்துக்குள் நுழைய வாய்ப்பிருக்கிறது.

சட்டம் வந்ததும் எல்லாக் கவுண்டிகளும் மாறிவிடவில்லை. பல இடங்களில் நடந்தது இதுதான்: நைரோபியில் அச்சாகும் ஆங்கில நாளிதழில் ஒரு விளம்பரம். கூட்டத்துக்குச் சில நாட்களே இருக்கும். விவாதிக்க வேண்டிய ஆவணம் தடித்தது, எண்கள் நிறைந்தது, அதுவும் ஆங்கிலத்தில். கூட்டம் நடப்பது கவுண்டித் தலைநகரத்து மண்டபத்தில். வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பதிவேடே மக்களைக் கலந்தாலோசித்ததற்கு ஆதாரம். தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கும் பெண்ணால் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் விட்டுவிட்டு அங்கே போக முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது நீதிமன்றம். நைரோபியை ஒட்டியிருக்கும் கியாம்பு கவுண்டி 2013-ல் நிதிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிப் பல கட்டணங்களை விதித்தது. அதை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதி ஜார்ஜ் ஒடுங்கா 2014-ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார். மக்களைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வது போதாது. தேவாலயம், மசூதி, கோயில், பராசா, தாய்மொழி வானொலி என்று மக்கள் இருக்கும் இடம் தேடிப் போய்ச் சொல்லி, அவர்களை வரத் தூண்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அன்றிலிருந்து கென்ய நீதிமன்றங்களில் எத்தனையோ வழக்குகளில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு கவுண்டியின் சந்தைக் கட்டணத்துக்கும் வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் மக்களிடம் முறையாகச் சொன்னாயா என்று நீதிபதி கேட்கக்கூடிய நாடுகள் உலகில் அதிகம் இல்லை. இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்.

மகுவேனிக்குத் திரும்புவோம். அதன் முதல் ஆளுநர் கிவுதா கிப்வானா சட்டப் பேராசிரியர். புதிய அரசியலமைப்பு வேண்டும் என்று பல்லாண்டுகள் போராடியவர். பங்கேற்பு கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அவருடைய நிர்வாகம் முடிவு செய்தது. முதலில் ஊர்க் கூட்டம். பிறகு சில ஊர்கள் சேர்ந்த தொகுப்பு. அதற்கு மேல் துணை வட்டம், வட்டம், துணைக் கவுண்டி. கடைசியில் தலைநகர் வோட்டேயில் கவுண்டி முழுவதற்குமான மக்கள் மன்றம். ஒவ்வொரு படியிலும் அந்தந்த மக்களே ஒரு வளர்ச்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழே சொன்ன கோரிக்கையை மேலே எடுத்துப் போகும் பொறுப்பு அந்தக் குழுவுக்கு. இளைஞர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வெளியூரில் வேலை பார்க்கும் மகுவேனிக்காரர்கள் ஆகியோருக்குத் தனித்தனிக் கூட்டங்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்காத இளம்பெண் தன் வயதுக்காரர்கள் நடுவே பேசுவாள் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். அதற்கென்று கூட்டம் நடத்த எத்தனை அரசுகள் மெனக்கெடுகின்றன?

பேச்சு காம்பா மொழியில். கையில் இருக்கும் பணம் இவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறார்கள். பிறகுதான் எது முக்கியம் என்ற கேள்வி. இந்த வரிசை மிக முக்கியம் என்று நினைக்கிறேன். தொகை தெரியாதபோது மக்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள்; எதுவும் கிடைக்காது; அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு வர மாட்டார்கள். தொகை தெரிந்தால் பாலமா, மருந்தகமா என்று தங்களுக்குள் வாதாடுவார்கள். பக்கத்து ஊருக்கு இந்த முறை, நமக்கு அடுத்த முறை என்று விட்டுக்கொடுப்பார்கள்.

அதன் பின் வருவதுதான் தொடக்கத்தில் சொன்ன திட்ட மேலாண்மைக் குழு. வேலை நடக்கும் இடத்து மக்கள் தேர்ந்தெடுப்பது. எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு கம்பி, எத்தனை அடி அகலம் என்ற அளவுப் பட்டியல் அதன் கையில் இருக்கும். அஸ்திவாரத்தில் மண்ணைக் கலந்தால் அங்கேயே நின்று பார்க்கிறவர்கள் அவர்கள். பணம் விடுவிக்க அவர்கள் ஒப்புதல் வேண்டும். கூட்டத்தில் பேசும் உரிமைக்கு ஆயிரம் நியாயங்கள் சொல்லலாம். ஆனால், ஒப்பந்ததாரர் ஒருவர் ஊர்க்காரர் முன் தொப்பியைக் கழற்றிப் பேசுவது இந்தக் கையெழுத்தால்தான். என் பார்வையில் மகுவேனியின் உண்மையான சாதனை இங்கே இருக்கிறது; அடுக்கடுக்கான கூட்டங்கள் அதற்கு அடுத்துத்தான்.

இதெல்லாம் அமைதியாக நடந்துவிடவில்லை. முதல் ஆண்டிலேயே ஆளுநருக்கும் கவுண்டி மன்ற உறுப்பினர்களுக்கும் நிதி ஒதுக்கீட்டில் மோதல். 2014 செப்டம்பரில் மன்ற வளாகத்திலேயே துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் காயமடைந்தார்கள். மன்றம் முடங்கியது, வேலைகள் நின்றன. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பதிவு பெற்ற வாக்காளர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்திட்டால் கவுண்டி அரசை இடைநிறுத்தச் சொல்லி அதிபருக்கு மனு கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு கையெழுத்தையும் திரட்டிவிட்டார்கள். ஆளுநர், மன்றம் இரண்டையும் அனுப்பிவிட்டுப் புதிதாகத் தேர்தல் வைக்கக் கேட்டார்கள். அதிபர் உஹுரு கென்யாட்டா, வழக்கறிஞர் மொஹமத் நியாவ்கா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார். ஆணையம் வோட்டேக்கு வந்து மக்களை விசாரித்து, இடைநிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. 2015-ல் அதிபர் அதை ஏற்காமல், மோதலைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். கிப்வானா 2017 தேர்தலில் மறுபடி வென்றார். இவ்வளவு நடந்தும் மக்கள் ஒதுங்கிப் போகவில்லை. சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிரிவை எடுத்துப் பயன்படுத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

கவுண்டி செய்த வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2016-ல் தொடங்கிய மகுவேனிகேர் திட்டத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 500 ஷில்லிங் கட்டினால் கவுண்டி மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைத்தது. 65 வயதைக் கடந்தவர்களிடம் பணமே வாங்கவில்லை. இன்னொன்று மணல். மகுவேனியின் ஆறுகள் மழைக்குச் சில வாரங்கள் மட்டும் ஓடுகின்றன. மீதி நாட்களில் தண்ணீர் மணலுக்குள் ஒளிந்திருக்கும். பெண்கள் ஊற்று தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். காம்பா நாட்டில் ஆற்றின் குறுக்கே தாழ்வான சுவர் எழுப்பி மணலைத் தேக்கும் மணல் அணைகள் புகழ்பெற்றவை. மணல் கூடினால் நீரும் கூடும். நைரோபியில் கட்டடங்கள் உயர உயர லாரிகள் இந்த ஆறுகளுக்கு வந்தன. மணல் போனதும் ஊற்றும் போனது. தகராறுகளில் உயிர்களும் போயின. 2015-ல் கவுண்டி தன் சொந்த அதிகாரத்தில் மணல் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, அதற்கென ஓர் ஆணையமும் அமைத்தது. நைரோபியிலிருந்து ஒரு சட்டத்துக்காகக் காத்திருந்தால் எத்தனை ஆறு மிஞ்சியிருக்கும் என்பது இதைப் படிக்கும் பாலாற்றங்கரைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

குறைகளை மறைக்கக் கூடாது. கூட்டத்துக்கு வந்தால் பயணப்படி, மதியச் சாப்பாடு என்ற எதிர்பார்ப்பு கென்யா முழுவதும் வளர்ந்திருக்கிறது. அது கொடுக்க முடியாத ஆண்டில் கூட்டம் மெலிகிறது. தேசிய அரசு கவுண்டிகளுக்குத் தர வேண்டிய பணத்தை மாதக்கணக்கில் தாமதப்படுத்துகிறது. ஊர் முடிவு செய்த வேலை அந்த ஆண்டு தொடங்காமலே போகும்போது அதிகாரியைவிட, கோரிக்கையை எடுத்துப்போன வளர்ச்சிக் குழுக்காரர்தான் தன் தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கள் மன்றத்தை ஆளுநர் நடத்துகிறார், கவுண்டி மன்ற உறுப்பினரும் தன்னை மக்களின் குரல் என்கிறார். இருவருக்கும் இடையிலான உரசல் இந்த முறையிலேயே பிறந்தது.

எனக்கு இவற்றில் மிகப் பெரிய குறையாகப் படுவது, திரும்பி வரும் பதில். ஐநூறு கோரிக்கை மேலே போனால் ஐம்பதுதான் திட்டத்தில் இடம்பெறும். மீதி நானூற்றைம்பது ஏன் விழுந்தது என்று அந்தந்த ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்வதற்கு கென்யச் சட்டங்களில் செப்டம்பர் 1 போல, ஏப்ரல் 30 போல ஒரு தேதி குறிக்கப்படவில்லை. குறித்தால் அதற்கும் ஆள் வேண்டும், வண்டி வேண்டும், காம்பா மொழியில் பொறுமையாகப் பேசும் அதிகாரி வேண்டும். செலவுதான். அந்தச் செலவை கவுண்டிகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அரசியலமைப்பின்படி ஓர் ஆளுநர் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்க முடியாது. கிப்வானா 2022 ஆகஸ்டில் இறங்கினார்; முத்துலா கிலோன்சோ ஜூனியர் வந்தார். ஊர்த் தொகுப்புக் கூட்டங்களும் வளர்ச்சிக் குழுக்களும் திட்ட மேலாண்மைக் குழுக்களும் ஆள் மாறியும் தொடர்கின்றன. மகுவேனியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மற்ற கவுண்டிகளின் அதிகாரிகள் வோட்டேக்கு வந்து போகிறார்கள். அவர்கள் முதலில் குறித்துக்கொண்டு போக வேண்டியது கூட்டங்களின் எண்ணிக்கையை அல்ல. பில்லில் ஊருக்கென்று விடப்பட்டிருக்கும் அந்தக் கையெழுத்து இடத்தை.