குளக்கட்டில் கூலி வேலை: சந்தேகங்களும் விளக்கங்களும்

குளம், வாய்க்கால், வீதித் திருத்த வேலைகளை வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்துக் கூலி வழங்கலாம் என்று சொன்னால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் சில கேள்விகள் உடனே எழுகின்றன.

வன்னிக்கு இது புதிய யோசனையா?

இல்லை. வேலையின்மைக்குத் திட்டம் போட்டுத் தீர்வு தேடுவது இங்கே பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தின் சன நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்க 1936 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில்தான் கிளிநொச்சி நகரமே உருவானது. போர் முடிந்து மக்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது, உலக வங்கி 2009 டிசம்பரில் ஒப்புக்கொண்ட 65 மில்லியன் டொலர் அவசர வடக்கு மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதி 'வேலைக்குப் பணம்' ஆக வந்தது. பற்றை மூடிய பொதுக் கட்டட வளவுகளும் ஒழுங்கைகளும் வாய்க்கால்களும் துப்புரவாகின. விதைத்து அறுக்கும்வரை பல குடும்பங்களுக்கு அந்தக் கூலி கைகொடுத்தது. வேலைக்கு வந்தவர்களில் பெண்கள் பெருந்தொகை.

பெக்கோ இயந்திரம் ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு இத்தனை பேர் எதற்கு?

நியாயமான கேள்வி. குளக்கட்டை உயர்த்தவும் உடைப்பை அடைக்கவும் இயந்திரம் வேண்டும். மண் இறுகாத கட்டு மாரியில் உடைந்துவிடும். அங்கே ஆட்களை வைத்துச் சமாளிக்கக் கூடாது. ஆனால் கட்டில் வளர்ந்த பற்றையை வெட்டுதல், புல் பதித்தல், வயல் வாய்க்கால் துப்புரவு, மதகுக்குக் கல் கட்டுதல் ஆகியவற்றுக்குக் கைவேலையே போதும். பெக்கோவுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு டீசலுக்கும் உரிமையாளருக்கும் போகிறது. கூலி ஊர்க்கடையில் செலவாகிறது. இந்தியாவின் 2005 ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் பொருட்செலவு 40 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் ஒப்பந்தகாரர் கூடாது என்றும் விதித்தது, பணம் உழைப்பவர் கைக்கே போய்ச் சேரத்தான்.

கமத்துக்கு ஆள் கிடைக்காமல் போகாதா?

காலம் தவறினால் அப்படித்தான் ஆகும். காலபோக அறுவடை மாசி, பங்குனியோடு முடிகிறது. சிறு குளங்களின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர் மிஞ்சுவது அரிது. பிறகு புரட்டாதி வரை கூலியாட்களுக்கு வேலை குறைவு. குளம் வற்றித் தூர்வார ஏற்ற காலமும் அதுவே. இவ்வளவு பொருத்தமாக அமைந்த காலத்தைக் கெடுப்பது பிந்தி வரும் நிதிதான். ஐப்பசியில் வேலை தொடங்கினால் மழையும் வரும், விதைப்பும் வரும். செய்த வேலையும் பாழ், கமக்காரருக்கு ஆளும் இல்லை. கூலி எவ்வளவு என்பதைவிட, வைகாசிக்கு முன் நிதி வருகிறதா என்பதே முக்கியம் என்பேன்.

நிரந்தர அரச வேலை கிடைக்குமா?

கிடைக்காது. 2020 இல் அமைத்த பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி ஆட்களை அரச சேவைக்கு எடுத்தது. குளக்கட்டு வேலையோ பருவகாலக் கூலி வேலை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊருக்கு யாரிடம் கேட்பது?

200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ நேரடியாக ஒப்பந்தம் எடுக்கும் நடைமுறையும் உண்டு. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பட்டியலில் உள்ளனவா, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா என்பதைச் சங்கக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். செய்யவேண்டிய வேலைகளை, அடுத்த ஆண்டுத் திட்டங்கள் தயாராகுமுன், பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.