ஒடுங்கிய சாலை காத்த மலை

சுங்கை வேயிலிருந்து காரில் ரவாங், கோல குபு பாரு வழியாகப் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் பிரேசர் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சிற்றூரை வெள்ளைக்காரர்கள் 1922-இல் மலைவாசத்தலமாகத் திறந்தார்கள். அதற்கு முன் லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே வெள்ளீயம் தோண்டினார். பின்னர் ஆள் காணாமல் போனார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. மலைக்குக் கீழே ‘கேப்’ என்ற இடத்திலிருந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் தூரம், வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய சாலை. எதிரெதிரே கார் வந்தால் ஒதுங்கச் சிரமம் என்பதால், பல்லாண்டுகள் அங்கே தடுப்புக் கதவு போட்டு, ஒரு மணி நேரம் ஏறுவதற்கு, அடுத்த மணி நேரம் இறங்குவதற்கு என்று முறை வைத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் சலித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால், அந்த மலையில் இன்றைக்கும் 250-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இருக்கின்றன என்றால், அந்தச் சலிப்புக்கும் அதில் பங்கு உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதே தித்திவாங்சா மலைத்தொடரில்தான் கெந்திங் மலையும் இருக்கிறது. 1960-களில் தொழிலதிபர் லிம் கோ தோங் அங்கே சாலை வெட்டத் தொடங்கினார். 1971-இல் முதல் ஹோட்டல் திறந்தது. பிறகு சூதாட்ட மண்டபம், கேளிக்கைப் பூங்கா, கேபிள் கார். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் மலையைப் பார்க்கப் போவதில்லை, மலைமேல் கட்டியதைப் பார்க்கப் போகிறார்கள். அதில் குற்றமில்லை; ஆனால் அப்படி ஒரு மலை போதும். காரணம், மலைக்காட்டை இன்னோர் இடத்தில் நட்டு வளர்க்க முடியாது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். மேகம் உரசும் அந்தக் குளிருக்குப் பழகிய உயிர்கள் பல கீழே இறங்கிப் பிழைக்கா. கோழியினத்தைச் சேர்ந்த, சிறகில் மயிற்கண் போன்ற புள்ளிகள் கொண்ட ஒரு மலைப்பறவை, தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதற்கு அந்த மலை ஒரு தீவு. சுற்றியுள்ள சமவெளியின் வெக்கைதான் கடல். பூமி சூடேற ஏற அந்தக் கடல் மட்டம் உயரும். உச்சிக்கு மேலே ஒதுங்க இடம் ஏது?

பறவைக்காக மனிதன் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குத் தண்ணீர்க் குழாயே பதில் சொல்லும். பிரேசர் மலைப் பக்கம் பிறந்து வரும் சுங்கை சிலாங்கூர்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் தருகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் அந்த ஆற்று நீரில் கழிவு கலந்தபோது, பல லட்சம் வீடுகளில் குழாய் வறண்டது. நடுவழியில் கெட்ட ஆற்றைச் சில நாளில் சரிசெய்துவிட்டார்கள். ஊற்றுக்கண்ணே கெட்டால் அது நடக்காது. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவது மலைச்சரிவில் உள்ள மரமும் பாசியும். அவற்றை வழித்தெடுத்தால் மழைக்காலத்தில் சேறும், வெயில் காலத்தில் வெறும் மணலும்தான் ஆற்றில் வரும்.

அப்படியானால் மலையை ஒரேயடியாக மூடிவிட வேண்டியதுதானே என்பது அடுத்த கேள்வி. மூடிய காட்டுக்குள் கண்ணிவைப்பவன் நிம்மதியாக நுழைவான், பார்க்க ஆளிருக்காது. 1988 முதல் பிரேசர் மலையில் நடந்துவந்த பறவை காணும் போட்டி, அந்தக் காட்டுக்குப் பல நாடுகளிலிருந்து சாட்சிகளைச் சேர்த்துக் கொடுத்தது. தெரியாத மலைக்காக யாரும் வாதாட வரமாட்டார்கள். ஆகவே மூடுவதும் தவறு, கட்டுப்பாடில்லாமல் திறந்துவிடுவதும் தவறு. கேரளத்தில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா இதற்கு வழிகாட்டுகிறது. 97 சதுர கிலோமீட்டர் பரப்பில், ராஜமலைப் பகுதிக்கு மட்டுமே சுற்றுலாப் பயணிகளை விடுகிறார்கள். அதுவும் வனத்துறைப் பேருந்தில். வரையாடு என்னும் மலையாடு குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி, பூங்காவை மூடிவிடுகிறார்கள். அங்கே வரையாடுகள் நூற்றுக்கணக்கில் நிலைத்திருக்கின்றன. பயணிகளும் குறையவில்லை.

கட்டுப்பாடு வைத்தால் பணக்காரர்களுக்கு மட்டுமே மலை கிடைக்கும் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிரேசர் மலை பங்களாக்கள் ஒரு காலத்தில் துரைமார்களுக்காகவே கட்டப்பட்டவை; மலைக்குச் சாலை போட வியர்வை சிந்தியவனுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆனால் அதற்கு மருந்து, மேலும் நூறு அறைகளைக் கட்டுவதல்ல. கட்டணத்தை ஏற்றாமல் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, கோல குபு பாருவிலிருந்து எல்லாருக்கும் ஒரே கட்டணத்தில் பேருந்து விட்டால், அடுக்குமாடி வீட்டுக் குடும்பமும் பங்களாக்காரரும் ஒரே வண்டியில் மலையேறலாம். உள்ளூர்க் கடைக்காரருக்கும், ஒரே நாளில் வந்து நெருக்கியடித்துக் குப்பை போட்டுவிட்டுப் போகும் ஆயிரம் பேரைவிட, இரண்டு நாள் தங்கி நடந்து பார்க்கும் நூறு பேரே நிலையான வரும்படி.

கேப்பில் இருந்த அந்தத் தடுப்புக் கதவு ஒருவரும் திட்டமிடாத காவல். இனி சாலைகளும் வாகனங்களும் பெருகும்போது அந்தக் காவலைத் தெரிந்தே வைக்க வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறையில் மலையேறுபவர்கள் வார நாளாகப் பார்த்துப் போங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். கொண்டுபோன நெகிழிப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். அங்கே விட்டுவிட்டு வரும் குப்பையைக் கழுவி வரும் தண்ணீரைத்தான் கீழே நாம் குடிக்கிறோம்.